சர்க்கரைக் கரைசலில் வேம் பெருகுமா?

கேள்வி: மிளகாய் விதைக்குக் கார்பெண்டசிம் என்னும் பூசணக்கொல்லியால் நேர்த்தி செய்து, நாற்றங்காலில் வேம் என்னும் வேர் உட்பூசணத்தை இட்டேன். வயலில் டி.ஏ.பி.யை அடியுரமாகப் போட்டு நட்டேன். வேம் இட்ட நாற்றுக்கும் இடாத நாற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. முட்டைக்கோஸ் பாத்தியிலும் இட்டுப் பார்த்தேன், அங்கும் பலன் இல்லை. மீதியிருந்த பொடியைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்தேன். நான்காம் நாள் நுரைத்துப் புளித்த வாடை வந்தது. வேம் பெருகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இல்லை. அந்த நுரையை உண்டாக்கியவை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான். பொடியோடும் தண்ணீரோடும் வந்த நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கொழுத்திருக்கின்றன. வேம் அதில் ஒரு துளியும் பெருகியிருக்காது. கரைசலைச் செடியின் வேரில் ஊற்றாதீர்கள், எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

டிரைக்கோடெர்மா என்னும் பூசணத்தை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மட்கும் பொருளையும் பிற பூசணங்களையும் தின்று தன் காலில் நிற்கும் உயிர். எருவில் கலந்து ஈரம் கொடுத்தால் பெருகும். வேம் அப்படியல்ல. உயிருள்ள வேருக்குள் நுழைந்து, அதன் செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைத்து, அங்கேதான் உணவு வாங்குகிறது. சர்க்கரை மட்டும் அதற்குப் போதாது. நீண்ட கொழுப்பு அமிலத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டும் நொதிக்கான மரபணு அதனிடம் இல்லை. 16 கரி அணுக்கள் கொண்ட கொழுப்பைச் செடியே செய்து தருகிறது என்பது 2017இல் வெளிவந்த ஆய்வுகளில் தெளிவானது. 2020இல் மிரிஸ்டேட் என்னும் 14 கரி அணுக் கொழுப்பை ஊட்டி, வேரே இல்லாமல் இந்தப் பூசணத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அது கிருமி நீக்கிய தட்டில் நடக்கும் வேலை. திறந்த தொட்டியில் கொழுப்பைக் கரைத்தாலும் மற்ற கிருமிகள்தான் முந்திக்கொள்ளும்.

அப்படியானால் சுத்தமான வேம் எங்கிருந்து வருகிறது? ஒரு வழி எனக்கு இன்றும் வியப்பளிப்பது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் துண்டு கேரட்டுக்குள் புகுந்தால், இலையும் தண்டும் இல்லாமல் வேர் மட்டும் தட்டில் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வேரோடு பூசணத்தைச் சேர்த்து வித்துகளை எடுக்கும் முறை 1980களில் உருவானது. அங்கேயும் உயிருள்ள வேர் வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் மிளகாய்க்கு வருகிறேன். இட்டதையும் இடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் அதிகம் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சியதும் அந்த இடம் வறண்டுவிடும், அடுத்த இடத்திலிருந்து சத்து வந்து சேராது. வேமின் இழைகள் அந்த வறண்ட வளையத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தூரம் போய், வேர்முடி நுழைய முடியாத துளைகளிலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. இதற்குச் செடி கொழுப்பும் சர்க்கரையும் கூலியாகக் கொடுக்கிறது. சுமார் 40 கோடி ஆண்டு பழமையான, ஸ்காட்லாந்திலுள்ள ரைனி பாறையில், உண்மையான வேர்கூட இல்லாத ஆதித் தாவரங்களின் புதைபடிவத்துக்குள்ளும் இதே குட்டி மரங்கள் தெரிகின்றன.

மணிச்சத்துப் பசி வந்தால் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை அதிகம் கசிய விடும். சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையை முளைக்க வைக்கும் பொருள் என்று 1966இல் பருத்தி வேர்க்கசிவில் கண்டது இந்த வகைப் பொருளைத்தான். பூசண இழையைக் கிளைக்கவைத்து வேருக்கு அழைப்பதும் அதுவே என்று 2005இல்தான் தெரிந்தது. களை அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டிருக்கிறது. டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து. அதை நிறைய அடியில் போட்டதும் வேர் பசியாறிவிட்டது, அழைப்பு குறைந்துவிட்டது. வந்த பூசணத்தையும் செடி உள்ளே அதிகம் பரவவிடாது, தேவையில்லாதவருக்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்றால் வேமுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், சில வரிசைகளில் மட்டும் மணிச்சத்து உரத்தைப் பாதியாக்கி, வேம் இட்ட நாற்றையும் இடாத நாற்றையும் நட்டு ஒப்பிடுங்கள். மொத்த வயலிலும் ஒரேயடியாக உரத்தைக் குறைக்காதீர்கள்.

கார்பெண்டசிம் இந்தப் பூசணத்தையும் பாதிக்கும். விதை நேர்த்திக்கு அதை விட்டுவிடுங்கள்.

முட்டைக்கோஸில் உங்கள் தவறு எதுவும் இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் குடும்பம் இந்தக் கூட்டுக்குத் தேவையான மரபணுக்களையே இழந்துவிட்டது. பீட்ரூட்டும் இந்தப் பூசணத்தைச் சேர்க்காது.

வேமை நீங்களே பெருக்க வேண்டுமானால் மக்காச்சோளத்தை வைத்துச் செய்யுங்கள். மண்ணும் மணலும் கலந்து ஈரமாக்கி, தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடிக் கடும் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். பிறகு தொட்டிகளில் நிரப்பி, நல்ல பொடியை விதைக்குச் சற்றுக் கீழே ஓர் அடுக்காகத் தூவி, மேலே மக்காச்சோளத்தை விதையுங்கள். மிளகாயிலேயே பெருக்காதீர்கள், மிளகாயின் வேர்நோயும் கூடவே பெருகிவிடும். மணிச்சத்து உரம் கொடுக்க வேண்டாம். இரண்டரை முதல் மூன்று மாதம் வளர்த்து, கடைசிப் பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். செடி வாடும்போது பூசண வித்துகள் முற்றும். பின் தண்டை வெட்டிவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி, அந்த மண்ணோடு சேர்த்து நிழலில் உலர்த்துங்கள். அடுத்த நாற்றங்காலில் இந்த மண்ணை விதைக்குக் கீழே இடலாம்.

தண்ணீரை நிறுத்துமுன் ஒரு தொட்டிச் செடியைப் பிடுங்கி, வேரை மெதுவாக அலசி உடனே நிழலில் பாருங்கள். பூசணம் நன்றாகப் பிடித்த மக்காச்சோள வேரில் பெரும்பாலும் இலேசான மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். வெயில் பட்டால் அது விரைவில் வெளுத்துவிடும். வேம் இடாமல் அதே மண்ணில் வளர்த்த ஒரு செடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்த நிறம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.