கம்பியை அழித்தது தப்பு, வெட்டியிருந்தால் தப்பில்லை

கேள்வி: உள்ளூர் போட்டோகிராபி கிளப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மாதாந்திரப் போட்டியின் நேச்சர் பிரிவுக்கு ஒரு மீன்கொத்திப் படம் கொடுத்தேன். மூலையில் முள்கம்பி தெரிந்தது. நேச்சர் படத்தில் மனிதன் செய்த பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னதால், போட்டோஷாப்பில் கம்பியை அழித்துவிட்டேன். ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த, கைவைக்காத மூல ஃபைல்) கேட்டார்கள், கொடுத்தேன். படத்தைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதே படம் பக்கத்துக் கிளப்பின் ஓப்பன் பிரிவில் 20க்கு 18 வாங்கியது. நான் செய்தது ஏமாற்று வேலையா? இதற்கிடையில் மூத்த உறுப்பினர் ஒருவர், "இந்தச் சின்னப் போட்டியெல்லாம் எதுக்கு? படங்களைக் கொடுங்க, நானே இன்டர்நேஷனல் சலோனுக்கு அனுப்பிப் பட்டம் வாங்கித் தர்றேன், செலவை மட்டும் கொடுத்தா போதும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை. ஏமாற்றுகிறவர் ரா ஃபைலைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு என்பார். ஆனால் படத்தை நீக்கியதும் சரிதான். உங்களுக்கு விதியில் பாதியை மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டவர்தான் இதில் முதல் குற்றவாளி.

அந்த மீதிப் பாதி இதுதான். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு (1950இல் தொடங்கியது, ஃபியாப் என்பார்கள்), அமெரிக்கப் புகைப்படச் சங்கம் (1934), பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி (1853) ஆகிய மூன்றும் சேர்ந்து 2014இல் நேச்சர் படத்துக்கு ஒரே வரையறையை ஏற்றுக்கொண்டன. கிளப்புகள் பலவும் அதைத்தான் எடுத்தாள்கின்றன. அதன் சாரம்: படத்தில் எதையும் சேர்க்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, மாற்றி வைக்கக் கூடாது, நீக்கவும் கூடாது. கிராப் செய்வது, அதாவது ஓரத்தை வெட்டுவது, மட்டும் தடையில்லை. வெளிச்சம், நிறம், கூர்மை இவற்றையெல்லாம் இயல்பாகத் தெரிகிற அளவுக்குச் சரிசெய்யலாம். சென்சார் தூசி, நாய்ஸ் என்கிற பொடிப் புள்ளிகள் போன்று கேமராவே கொண்டுவந்த குறைகளைத் துடைக்கலாம். ஆனால் கம்பி கேமராவுக்குள் இல்லை, வெளியே இருந்தது. அதனால் அதைத் தொடக் கூடாது.

நீங்கள் அனுப்பிய இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பறவை இடப்பக்கம், பட்ட கிளையில், அலகில் மீனோடு. கம்பி வலப்பக்க மேல் மூலையில் நுழைந்து, முள் ஒன்றைக் காட்டிவிட்டு, மேலேயே வெளியே போய்விடுகிறது. நீங்கள் அதன் மேல் இலைகளைக் க்ளோன் செய்திருக்கிறீர்கள், அதாவது படத்திலிருக்கிற இலைகளை நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், பூச்சி அரித்த ஒரே மஞ்சள் இலை கொஞ்ச இடைவெளியில் இரண்டு தடவை வருகிறது. உங்கள் கிளப்பில் யார் கண்ணில் பட்டதோ, அவருக்கு நல்ல கண். இப்போது கம்பியோடு இருக்கிற மூல ஃபைலைத் திறந்து, வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மறைத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு போனால் படம் சதுரமாகிறது, கம்பி முழுக்க வெளியே போய்விடுகிறது, மீனின் வால் தப்பிக்கிறது. கேமரா கொடுத்த நீள அகலத்திலேயே படம் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு நிமிட வேலை. அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் க்ளோன் செய்து மாட்டிக்கொண்டீர்கள்.

அப்புறம், "மனிதன் செய்த பொருள் எதுவும் கூடாது" என்பதும் அப்படியே உண்மையில்லை. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிளப்புகளில் பாதிச் சண்டை இதில்தான். அந்த உயிரினத்தின் கதையிலேயே மனிதப் பொருளும் ஒரு பகுதி என்றால் அது படத்தில் இருக்கலாம். வரையறையே கூகையையும் நாரையையும் உதாரணம் காட்டுகிறது. தானியக் கொட்டகை உத்தரத்தில் குடியிருக்கிற கூகையை உத்தரமில்லாமல் எப்படி எடுப்பது? வீட்டுப் புகைபோக்கி மேல் கூடு கட்டுகிற வெண்ணாரைக்குப் புகைபோக்கிதான் மரம். ஆனால் அதே நாரை வயலில் நிற்கும்போது பின்னால் டிராக்டர் தெரிந்தால் அது வேறு கதை. நாரை டிராக்டரில் வாழவில்லை. நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: அந்தப் பொருளை எடுத்துவிட்டால் அந்த உயிரினம் அங்கே அந்தக் காரியத்தைச் செய்யுமா? செய்யாது என்றால் பொருள் இருக்கலாம். செய்யும் என்றால் அது வெறும் குறுக்கீடு. உங்கள் மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்திருக்கிறது, கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. அது கம்பி மேலேயே உட்கார்ந்து அங்கிருந்து பாய்ந்து மீன் பிடிக்கிற படம் என்றால் வாதாடலாம். வாதாடலாம் என்றுதான் சொல்கிறேன், ஜெயிக்கலாம் என்று சொல்லவில்லை. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்த தகைவிலான்கள் படம் ஒன்று ஒரு போட்டியில் எங்கள் மூன்று நடுவர்களிடம் வந்தது. இரண்டு பேர் சரி என்றோம். மூன்றாமவர் இன்றைக்கும் எங்கள் இருவரோடும் சரியாகப் பேசுவதில்லை.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், வரையறையை ஒரு பக்கத்தில் அச்சடித்துப் புதிய உறுப்பினர் கையில் கொடுக்க எந்தக் கிளப்புக்கும் நேரமில்லை. காபி இடைவேளையில் யாரோ சொன்னதுதான் சட்டம். போட்டிச் செயலாளராகப் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சரி, 20க்கு 18 எப்படி வந்தது? ஓப்பன் பிரிவில் க்ளோன் செய்யலாம். அங்கே கேட்பது ஒன்றுதான், படத்தில் உள்ள எல்லாமே நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் இலையை வைத்து உங்கள் கம்பியை மறைத்தீர்கள், அங்கே அது குற்றமில்லை. இரண்டு கிளப்பும் அவரவர் விதிப்படி சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். 18ஐப் பார்த்து மிதக்காதீர்கள். சில நடுவர்கள் 15க்குக் கீழே போடவே மாட்டார்கள், சிலர் 15ஐத் தாண்டவே மாட்டார்கள். ஒரு நடுவரின் 18ஐ இன்னொருவரின் 14ஓடு ஒப்பிடுவது வேறு வேறு தராசில் நிறுத்தது போல. உங்கள் கிளப்பில் மதிப்பெண் இல்லாத விமர்சனக் கூட்டமோ பிரிண்ட் பார்க்கிற மாலையோ இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். அந்த இரட்டை மஞ்சள் இலையை அங்கே யாராவது போட்டிக்கு முன்பே காட்டியிருப்பார்கள்.

இனி அந்த மூத்த உறுப்பினர். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில்: கொடுக்காதீர்கள்.

சலோன் என்றால் முடிவெட்டுகிற இடம் இல்லை, சர்வதேசப் படப்போட்டி. அதில் படம் தேர்வானால் 'அக்செப்டன்ஸ்'. இத்தனை நாடுகளில், இத்தனை வெவ்வேறு படங்களுக்கு, இத்தனை அக்செப்டன்ஸ் என்று கணக்குச் சேர்ந்தால்தான் ஃபியாப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதனால்தான் இதைச் சுற்றி ஒரு தரகுக் கூட்டம் வளர்ந்திருக்கிறது. உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குவார், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், எந்தப் போட்டிக்கு எந்தப் படம் போனது என்று உங்களுக்கே தெரியாது. "கொஞ்சம் டச்சப் பண்ணி அனுப்பினேன்" என்பார். அந்த டச்சப்பில்தான் ஆபத்து. 2020இல் போட்டோஷாப்பில் வானத்தை மாற்றுகிற வசதி வந்தது. அதில் கூடவே வருகிற வானங்கள் நீங்கள் எடுத்தவை இல்லை. அதில் ஒன்றை உங்கள் படத்தில் ஒட்டி அனுப்பினால், 'எல்லாம் நான் எடுத்ததே' என்ற உறுதிமொழி உங்கள் பெயரில் போகிறது. மாட்டினால் தடையும் உங்கள் பெயருக்குத்தான். விதி மீறியவர்களின் பட்டியலில் தரகர் பெயர் வருவதில்லை.

இதைவிட மோசமாக, தேர்வான படங்களையே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா என்று கூட்டிப்போய், தீனி வைத்து வரவழைத்த ஆந்தையை இருபது பேருக்கும் ஒரே இடத்தில் கேமரா முக்காலி போடவைத்து எடுக்கவைக்கிறவர்களும் உண்டு. நடுவர் இருக்கையில் நான் உட்கார்ந்த ஒரு மாலையில், ஒரே ஆந்தை, ஒரே கிளை, ஒரே இரை, மூன்று வெவ்வேறு பெயர்களில் திரையில் வந்தது. மூன்றாவது வந்தபோது கூடத்தில் சிரிப்பு. மூன்று பேரும் காசு கொடுத்துத்தான் போயிருப்பார்கள், பாவம்.

பெரிய போட்டிகளிலும் இது நடக்காமல் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற வனவிலங்குப் படப்போட்டியில், 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம் ஒன்று மறு வருடம் தகுதி நீக்கப்பட்டது. அது பதம்செய்து நிறுத்திய விலங்கு என்று விசாரித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவரான மார்சியோ கப்ரால் அதை மறுத்தார். அப்போது அவரிடம் முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களைக் கேட்டார்கள். கொடுத்தார், ஆனால் அவற்றில் எதிலும் எறும்புத்தின்னி இல்லை. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: போட்டிக்குப் போகிற படத்தின் ரா ஃபைலை மட்டும் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் கிளிக் செய்த நாலைந்தையும் அழிக்காமல் வையுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

சலோனுக்கு அனுப்ப ஆசையிருந்தால் நீங்களே அனுப்பலாம். ஒரு படிவம், ஒரு கட்டணம், சொன்ன பிக்சல் அளவில் ஜேபெக்; இதற்குத் தரகர் எதற்கு? அனுப்புவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். ஃபியாப் ஆதரவு பெற்ற போட்டிக்கு வருடத்தோடு சேர்ந்த ஆதரவு எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டியின் அறிவிப்பில் பார்த்தால் போதாது, ஃபியாப் வெளியிடுகிற பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அடுத்து, படத்தை அவர்கள் எதற்குப் பயன்படுத்தலாம் என்கிற பத்தி. கண்காட்சிக்கும் அட்டவணைப் புத்தகத்துக்கும் என்றால் சரி. 'எந்த நோக்கத்துக்கும், காலவரையறையின்றி' என்றிருந்தால் மூடிவிட்டு வாருங்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் 'கௌரவக் குறிப்பு' கொடுத்து, சான்றிதழுக்கும் கேடயத்துக்கும் தனியாகக் காசு கேட்கிற இடம் போட்டியே இல்லை, கடை.

இப்போது செய்ய வேண்டியது. போட்டிச் செயலாளருக்கு நாலு வரி எழுதுங்கள், நடுவருக்கு வேண்டாம். படத்தை நீக்குகிற அதிகாரம் பெரும்பாலும் செயலாளருக்குத்தான். கம்பியை க்ளோன் செய்தது நான்தான், விதி முழுசாகத் தெரியாது, மூல ஃபைலிலிருந்து கிராப் மட்டும் செய்து அடுத்த சுற்றில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஒரு தடவை போட்டிக்கு வந்த படம் திரும்ப வரக்கூடாது என்று சில கிளப்புகளில் உண்டு. நீக்கப்பட்ட படமும் அந்தக் கணக்கில் சேருமா என்பதைச் செயலாளர்தான் சொல்ல வேண்டும், காபி இடைவேளை ஆட்கள் இல்லை. வரையறையின் நகல் ஒன்றையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூத்தவரிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. "நானே அனுப்பிப் பழகுறேன் சார், சந்தேகம் வந்தா உங்ககிட்ட கேக்கறேன்" என்றால் போதும். ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிட்டு, உங்கள் பெயரில் எந்தெந்தப் படம் எங்கே போயிருக்கிறது என்று ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.