மலையில் படகுத்தளத்துக்கு வழுக்காத பெயிண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை சீசனுக்குள் படகைத் தயார் செய்துவிட வேண்டும் என்ற அவசரம் இந்த முறை வந்த கடிதங்களில் தெரிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த கம்பெனி பெயிண்ட் நல்லது என்று மட்டும் கேட்டிருப்பவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

கேள்வி: பதினான்கு அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைச் சென்னையில் பழையதாக வாங்கி, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சீர்செய்கிறேன். வேலை முடிந்ததும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக எண்ணம். நவம்பரில் தளத்துக்கு இரண்டு டப்பா கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தேன். மறுநாள் காலையில் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. பெயிண்ட் போலியா?

பதில்: பெயிண்ட் நல்லதாகவே இருக்கும், நாள்தான் சரியில்லை. இந்த வகைப் பெயிண்ட்டை இறுகவைக்கும் இரண்டாவது டப்பாவான ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். அது கூட வரும் பெயிண்ட்டோடு சேர்ந்து இறுக வேண்டும். பக்கத்தில் ஈரம் இருந்தால் அதனுடனும் கூடிவிடும், பளபளப்பு போவது அதனால்தான். அப்போது கரியமில வாயு வெளிவரும். தளத்தை வெயிலில் சாய்வாகப் பாருங்கள், ஊசிமுனை அளவுக் குமிழ்கள் அங்கங்கே தென்படலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழை. மழை விட்ட நாளிலும் சாயங்காலம் மூடுபனி இறங்கிவிடும். டப்பாமேல் போட்டிருக்கும் 'தொட்டால் ஒட்டாத நேரம்' பெரும்பாலும் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது. இங்கே 15 டிகிரியில் அது இரட்டிப்பாகும். அதற்குள் பனி வந்துவிடும்.

கணக்கு இதுதான். தளத்தின் வெப்பநிலை, காற்றின் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். கொட்டகைக்குள் 16 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 12.5. தளம் 15.5-க்கு மேல் இருந்தால் அடிக்கலாம். அதே 16 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதமானால் பனிநிலை 14.4-க்கு ஏறிவிடும், தளம் 17.4 இருந்தாக வேண்டும். இருக்காது. அன்றைக்கு டப்பாவைத் திறக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது தளத்தை இன்னும் கொஞ்சம் குளிரவைக்கும் என்பதால் அந்த 3 டிகிரியில் பேரம் பேச இடமில்லை.

இன்னொன்று, காற்றின் சூட்டை வைத்துத் தளத்தின் சூட்டை ஊகிக்கக் கூடாது. இரவெல்லாம் குளிர்ந்த படகு காலை பத்து மணிக்கும் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும், சுவரில் மாட்டும் ஈரப்பதமானி ஒன்றும் வாங்கிவிடுங்கள். நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. உடம்புச் சூட்டின் அளவுகளைத் தாண்டி அது சரியாகக் காட்டாது.

கொட்டகையைச் சூடாக்கச் சிலர் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எரிவாயு எரிந்தால் நீராவிதான் வரும், ஈரம் கூடும். தின்னர் ஆவி பரவிய கொட்டகையில் நெருப்பு என்ன செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மின்சார ஹீட்டரை முன்கூட்டியே போட்டுச் சூடேற்றி, டப்பா திறக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்குத் தொடங்கி, ஒன்றரைக்குள் ரோலரைக் கீழே வைக்க வேண்டும். ஊட்டி, குன்னூர் வாசகர்களுக்கும் இதே மாதங்கள்தான். உறைபனி விழுந்த காலையில் இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள். பூத்துப்போன பூச்சை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியாவிட்டால் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மேலே அடிக்கலாம். பதிந்தால் முழுவதும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பெயிண்ட்டில் மணல் கலப்பதா, பிளாஸ்டிக் மணிகள் கலப்பதா, கடையில் தயாராகக் கிடைப்பதை வாங்குவதா? (கோத்தகிரி)

பதில்: யார் மிதிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பாய்மரப் படகில் ஆள் நடப்பதைவிட மண்டியிடுவதும் உட்கார்ந்து நகர்வதும் அதிகம். பாய்க்கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும்போது முழங்கால் தளத்தில் தேயும். அங்கே குவார்ட்ஸ் மணல் போட்டால் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும். பாலிமர் மணிகளே போதும். பூட்ஸ் காலோடு சாமான் ஏற்றி இறக்கும் படகு என்றால் மணல். அலுமினியம் ஆக்சைடு அதைவிடக் கூர்மை. இறங்குதுறைச் சரிவுக்குத்தான் நான் அதைச் சொல்வேன், படகுக்குச் சொல்ல மாட்டேன்.

தயார் சரக்கில் இரண்டு வகை உண்டு. இன்டர்டெக் போன்றவை பொடி கலந்தே வரும் ஒரு டப்பா பெயிண்ட். சாதாரணப் பெயிண்ட்டைப் போல் அடித்துவிடலாம், சொரசொரப்பு மிதமாக இருக்கும். கிவிகிரிப் போன்றவை தண்ணீரில் கரையும் கெட்டியான அக்ரிலிக். துளைகள் நிறைந்த முரட்டு ரோலரால் உருட்டும்போது அதுவே மேடுபள்ளமாக எழும்பி நிற்கும். கெட்டியாகப் பூசுவதால் டப்பா சீக்கிரம் காலியாகும். அக்ரிலிக் வகைகள் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகப் படலம் கட்டாது என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்க வேண்டாம்.

நீங்களே மணல் போடுவதானால் டப்பாவில் கலக்காதீர்கள். அது அடியில் தங்கிவிடும். முதலில் அடித்த இடம் வழவழப்பாகவும் கடைசியில் அடித்த இடம் முள்ளாகவும் இருக்கும். ஈரப் பெயிண்ட்டின்மேல் தூவுவதே சரி. ஒரு சதுர அடி, இரண்டு சதுர அடியாக ரோலர் ஓட்டி, மூடியில் துளை போட்ட டப்பாவால் உயரத்திலிருந்து தூவுங்கள். பெயிண்ட்டே தெரியாத அளவுக்கு மணல் மூடட்டும். பலர் சிக்கனமாகத் தூவி, மறுநாள் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று வருந்துகிறார்கள். காய்ந்ததும் ஒட்டாத மணலைப் பெருக்கி எடுத்து (மறுபடி பயன்படும்), மேலே இரண்டு கோட் அடித்தால் மணிகள் பூட்டிக்கொள்ளும். பெருக்கும்போது முகக்கவசம் அவசியம். சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இரண்டு டப்பா பி.யூ.வைப் பிரஷ்ஷிலோ ரோலரிலோ அடியுங்கள். ஸ்பிரே வேண்டாம். ஐசோசயனேட் துளி மூச்சில் போவதைக் கடையில் விற்கும் துணி மாஸ்க் தடுக்காது.

கேள்வி: ஆற்று மணலைச் சலித்துப் போடலாமா? (வத்தலகுண்டு)

பதில்: வேண்டாம். ஆற்று மணலில் களிமண் ஒட்டியிருக்கும், மணியும் உருண்டை. கடற்கரை மணலில் உப்பு. பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். தண்ணீர் வடிகட்டும் தொட்டிகளுக்கு விற்கும் கழுவிய குவார்ட்ஸ் மணல் மலிவுதான். வறுத்த ரவை அளவில் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புது ஃபைபர் படகு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் அடித்தோம். மூன்றே மாதத்தில் ஏடு ஏடாக உரிகிறது. (ஊட்டி)

பதில்: மெழுகு. அச்சிலிருந்து படகு கழன்று வர மெழுகு பூசியிருப்பார்கள்; அதில் கொஞ்சம் ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டின்மேல் தங்கிவிடும். அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால், கீறல்களுக்குள் மெழுகைத் திணித்ததாகிவிடும். முதலில் தின்னர், பிறகுதான் உப்புத்தாள். ஒரு துணியால் தின்னரைத் தடவி, காயுமுன் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியை முன்னும் பின்னும் ஓட்டினால் மெழுகை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே பரப்பாகப் படர்ந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி துடைக்க வேண்டும்.

அதன்பின் 80 அல்லது 120 எண் உப்புத்தாள், எபாக்சி பிரைமர், மேலே பி.யூ. எபாக்சியையே கடைசிப் பூச்சாக விட்டுவிடாதீர்கள், வெயிலில் மாவாக உதிரும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூடுகிறது. ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிர்கிறது என்பதற்காக வெயில் குறைவு என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்துத் துடுப்புப் படகு, அடித்தளம் தேக்கு. வழுக்காத பெயிண்ட் எது போடலாம்? (குன்னூர்)

பதில்: எதுவும் போடாதீர்கள். வார்னிஷ் ஏற்றாத தேக்கு நனைந்தாலும் பிடிப்புத் தரும். அதில் ஊறியிருக்கும் எண்ணெய் பெயிண்ட்டைப் பிடிக்கவும் விடாது. இருக்கும் வார்னிஷை எடுத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் நார்வாட்டத்துக்குக் குறுக்கே தேய்த்துக் கழுவுங்கள். நார்வாட்டத்தோடு தேய்த்தால் மெது நார் அரித்துப்போய் வரிவரியாகிவிடும். தேக்கு சாம்பல் நிறமானால் ஆகட்டும்.

கேள்வி: எஸ்டேட் குளத்தில் மரத்தால் இறங்குதுறை போட்டிருக்கிறோம். ஜூன் வந்தால் பாசி. பெயிண்ட் அடித்தாலும் அடுத்த வருடம் உரிந்துவிடுகிறது. (கூடலூர் அருகே)

பதில்: பலகையின் அடிப்பக்கம் குளத்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்போது மேல்பக்கப் பூச்சு எப்படி நிற்கும்? உங்களுக்குப் பெயிண்ட்டைவிடக் கோழிவலை நல்லது. துரு ஏறாத கம்பி வலையைப் பலகைமேல் இழுத்து நெருக்கமாக ஆணி பிடித்து, ஓரங்களை அடியில் மடித்துவிடுங்கள். காலைக் கிழிக்கும் முனை மேலே தெரியக் கூடாது. பாசியைச் சோப்புத் தண்ணீரும் முரட்டு பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசல் பாசியைக் கொல்லும், ஆனால் வழிந்து குளத்தில் விழுந்தால் மீனும் சாகும். அதை ஆசிட்டோடு சேர்ப்பது உங்களுக்கே ஆபத்து.

கேள்வி: விருந்தினர் மிதி படகுகளுக்கு முரட்டுச் சொரசொரப்பாகவே போட்டுவிட்டால் பாதுகாப்புதானே? (ஏரி அருகே விடுதி நடத்துபவர், கொடைக்கானல்)

பதில்: உங்கள் படகில் ஏறுபவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். புடவையின் அடிக்கரை முரட்டு மணலில் சிக்கும். படகு ஆடும் நேரத்தில் புடவை இழுபட்டால் வழுக்குவதைவிட மோசமாக விழுவார்கள். கால் வைத்து ஏறும் முதல் ஒன்றரை அடியில் மட்டும் நடுத்தர மணல், மற்ற இடத்தில் பாலிமர் மணிகள் போதும். ஏறும் இடத்துக்கு வேறு நிறம் கொடுத்தால் எங்கே மிதிப்பது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நிறம் வெளிர்சாம்பலோ சந்தனமோ இருக்கட்டும். தூய வெள்ளை நண்பகலில் கண்ணைக் கூசும். கரும்பச்சை வெறுங்காலைச் சுடும்.

கேள்வி: தளம் முழுவதும் அடிக்கலாமா, ஓரம் விட வேண்டுமா? (நாயுடுபுரம் வாசகரின் இரண்டாவது கேள்வி)

பதில்: ஓரம் விடுங்கள். கயிறு கட்டும் கொண்டி, பாய்மரம் நிற்கும் அடி, மூடிகள் இவற்றைச் சுற்றி ஓர் அங்குலமாவது வழவழப்பாக இருந்தால்தான் தண்ணீர் தேங்காமல் வடியும், துடைக்கவும் வரும். மாஸ்கிங் டேப்பை மூலையில் சதுரமாக வெட்டாமல் ஒரு டப்பா மூடியை வைத்து வளைவாக வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் உரியத் தொடங்கும். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை இழுத்துவிட வேண்டும். இறுகியபின் இழுத்தால் மணலோடு சேர்ந்து ஓரம் பிய்ந்து வரும்.

ஆனால் இதையெல்லாம் செய்யும் முன், பழைய படகு என்பதால், ஒரு ரூபாய் நாணயத்தால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. எங்காவது மந்தமாக ஒலித்தால், அல்லது மிதிக்கும்போது அமுங்கினால், ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள மரம் ஊறியிருக்கிறது. பெரும்பாலும் கொண்டிகளின் ஸ்குரூ துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கும். சொரசொரப்பான பூச்சு வந்துவிட்டால் மயிரிழை விரிசல்கூடக் கண்ணில் படாது. ஆகவே அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, திறந்து, உலர்த்தி, எபாக்சியால் அடைத்த பிறகு பெயிண்ட் வாங்கப் போங்கள்.