மாசி எப்போது முடியும்?

வணக்கம் ஐயா,

கீழக்கரையில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன்; ஈரோட்டில் தன் வீட்டிலிருந்தே பார்க்கிறார். ‘மாசி முடிஞ்சதும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடும்மா’ என்று குரல்பதிவு அனுப்பினேன். சரக்கு தீர்ந்து பத்து நாளாகியும் மாசிக் கருவாட்டுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டே இருந்தார். கேட்டால், மாசி மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்கிறார். நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாமா? இவர்களிடம் எப்படித்தான் வேலை சொல்வது?

கீழக்கரை வாசகர்

அன்புள்ள தம்பி,

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஈரோட்டில் மாசி என்றால் மாதம்தான். சூரை மீனை அவித்துக் கட்டையாகக் காயவைத்தால் அதற்கும் மாசி என்றுதான் பேர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நானும் பட்டவன்தான். நண்பர் குடும்பத்தோடு வந்தபோது, கோவையிலிருந்து எனக்கு வேலை பார்க்கும் பையனிடம் ‘மண்டபத்துல ரூம் போடு’ என்றேன். ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுவிட்டான். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் என்றே ஓர் ஊர் இருப்பது நமக்குத்தான் உலகறிந்த விஷயம்.

வேலையோடு காரணத்தையும் சொல்லுங்கள். ‘கையில் சரக்கு இல்லை, ஆர்டர் எடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், மாசி என்ன என்று அவரே ஊகித்திருப்பார்.

அடுத்து ‘தடைக்காலத்துல பார்த்து ஆர்டர் எடு’ என்பீர்கள். அந்தப் ‘பார்த்து’தான் வம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுதான் போகும், புதுச் சரக்கு குறையும், விலை ஏறும் என்று விவரமாக எழுதுங்கள். அப்புறம் அளவு. ஐந்து கிலோ வரை அவரே முடிவு செய்யலாம், அதற்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும் என்பதுபோல.

குரல்பதிவை விட்டுவிடுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்றும் கேட்காதீர்கள், ‘சரிங்கண்ணா’ என்றுதான் பதில் வரும். என்ன செய்யப்போகிறார் என்று அவரையே திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் இருவருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அந்தக் குரல்பதிவை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். கருவாடு என்ற சொல்லே அதில் இல்லை.