கனிமம் ஜார்க்கண்டில், தொழிற்சாலை புனேயில்: ஏன்?

முக்கியக் காரணம் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை. நீங்கள் படித்த "மூலப்பொருள் கிடைக்கும் இடத்தில்தான் தொழில் வளரும்" என்ற விதி தவறில்லை. ஆனால் இந்தியாவில் 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை அரசே அந்த விதியைச் செல்லாமல் செய்து வைத்திருந்தது.

அதாவது, உருக்கை ஜாம்ஷெட்பூரில் ஆலை வாசலில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலை. ரயில் கட்டணத்தை எல்லோர் தலையிலும் சமமாகப் பகிர்ந்துவிட்டார்கள். அப்புறம் எந்த முதலாளி சுரங்கத்துப் பக்கம் போவார்? துறைமுகமும் சந்தையும் இருக்கும் ஊருக்குத்தான் போவார். மேற்கில் விளையும் பருத்தியைக் கிழக்கே கொண்டுவர இந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதுதான் கிழக்கு மாநிலங்களின் பழைய, நியாயமான குறை.

வரைபடத்தில் நீங்களே பாருங்கள். ஜாம்ஷெட்பூர், பொகாரோ, ரூர்கேலா, துர்காபூர், பிலாய் ஆகிய உருக்கு ஊர்களை ஒரு நிறத்தில் குறியுங்கள். புனே, சென்னை, குர்கான் போன்ற வாகனத் தொழில் ஊர்களை வேறு நிறத்தில். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. (ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிப்பு உண்டு, அது விதிவிலக்கு.)

பழைய புள்ளிவிவரம் எடுத்தால் கவனம்: ஜார்க்கண்ட் பிரிந்தது 2000 நவம்பரில். அதற்கு முன் அந்தக் கனிமமெல்லாம் பீகார் கணக்கில்தான் இருக்கும்.

முழுப் பழியையும் இந்தக் கொள்கைமேல் போடாதீர்கள். மும்பை, சென்னைத் துறைமுகங்கள் ஆங்கிலேயர் காலத்திலேயே முந்திவிட்டன. கொள்கையை நீக்கிய பிறகும் போன தொழில்கள் பெரிதாகத் திரும்பி வரவில்லை.