ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது, புது மெஷின் வாங்கலாமா?

திருப்பூர் அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றியதிலிருந்து ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஒசாகா பையர் ஒருத்தர் இன்னும் ஃபேக்ஸில்தான் ஆர்டர் போடுகிறார். புது மெஷின் வாங்கிடலாமாங்க?"

வாங்காதீங்க. கோளாறு லைனில், மெஷினில் இல்லை. ஃபேக்ஸ் ஒரு பக்கத்தைக் கீச்சு கீச்சென்ற சத்தமாக மாற்றி அனுப்பும், தாமிரக் கம்பியில் அது அப்படியே போய்ச் சேர்ந்தது. ஃபைபரில் அதே சத்தத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள், நாம் பேசும்போது நடுவில் ஒரு துண்டு காணாமல் போனால் காதுக்குத் தெரியாது, ஃபேக்ஸுக்கு அங்கேயே கதை முடிந்தது. இணைப்புக்காரரிடம் டி.38 வசதி, அதாவது ஃபேக்ஸைச் சத்தமாக இல்லாமல் டேட்டாவாக இணையத்தில் அனுப்பும் முறை, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மெஷின் செட்டிங்கில் வேகத்தை நொடிக்கு 9,600 பிட்டுக்கு இறக்கி, இ.சி.எம்.மை (பிழையாக வந்த பகுதியை மறுபடி அனுப்பச் சொல்லும் வசதி) ஆஃப் செய்து பாருங்கள். பல இடங்களில் இதுவே போதும். அங்கங்கே கோடு விழலாம், அது சைஸ் சார்ட்டில் எண் மேல் விழவில்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையரைக் கோபித்துப் பயனில்லை. 2021ல் ஜப்பான் அமைச்சர் தாரோ கோனோ அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸை நிறுத்தச் சொன்னபோது அங்கிருந்தே நூற்றுக்கணக்கில் ஆட்சேபம் வந்த ஊர் அது. ஒவ்வொரு ஃபேக்ஸோடும் அதே தாளை பி.டி.எஃப்.பாக மெயிலிலும் அனுப்பி வாருங்கள், தானாகப் பழகிவிடுவார்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. பழைய ஆர்டர் ஃபைல்களில் வழவழப்பான ஃபேக்ஸ் சுருள் தாள் இருந்தால் அதை இந்த வாரமே வெளியே எடுங்கள். அதில் மை கிடையாது, சூடு பட்டுக் கருத்த பூச்சுதான் எழுத்து. தகரக் கூரையின் கீழ் பத்துக் கோடை இருந்தால் மங்கிப்போகும், பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம். ஈரோட்டில் நான் சர்வீஸ் கடை வைத்திருந்தபோது ஒரு மஞ்சள் மண்டிக்காரர் வழக்குக்காகப் பழைய ஃபேக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார், டியூப் லைட்டில் சாய்த்துப் பிடித்தால் மேலே கம்பெனி பெயர் நிழலாகத் தெரிந்தது, தொகை இருந்த இடம் வெள்ளை வெளேர். ஜெராக்ஸ் எடுங்கள், 300 டி.பி.ஐ.யில் கலர் ஸ்கேனும் எடுங்கள், கலரில் எடுத்தால் மங்கிய எழுத்தை அப்புறம் கொஞ்சம் மீட்க முடியும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கருத்துவிடும்.