வாடல் நோய்க்கு வெளிநாட்டு மருந்து வருமா?

கேள்வி: காய் பிடிக்கும் நேரத்தில் என் பருத்தி திட்டுத் திட்டாக வாடிச் சாகிறது. மருந்து ஊற்றியும் நிற்கவில்லை. வெளிநாடுகளில் இதற்கு ஆராய்ச்சி நடக்கிறதாமே, அந்த மருந்து நமக்கு எப்போது கிடைக்கும்?
- பருத்தி விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: மண்ணிலிருந்து வாடல் பூஞ்சையை அடியோடு ஒழிக்கும் மருந்து எந்த நாட்டிலும் இல்லை ஐயா. வாடலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை தடித்த தோல் கொண்ட வித்துகளாக மாறி, பருத்தியே போடாத நிலத்திலும் பல வருடம் உயிரோடு கிடக்கும். வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். வயலில் ஈரம் இருந்தும் செடி வாடுவது அதனால்தான்.

வெளிநாட்டில் கைகொடுத்தது விதை. அதில் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. 1993இல் ஆஸ்திரேலியாவின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில் ஃபியூசேரியம் வாடல் தென்பட்டது. அங்கே சாகுபடியில் இருந்த பல ரகங்கள் தாங்கவில்லை. எங்கெங்கோ இருந்து சேர்த்த ரகங்களைச் சோதித்துப் பார்த்ததில், நன்றாகத் தாங்கி நின்றது நம்முடைய எம்.சி.யு. 5. 1968இல் கோவையில் வெளியான ரகம். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதன் எதிர்ப்புத் திறனைத்தான் அங்குள்ள ஆய்வாளர்கள் தங்கள் ரகங்களில் சேர்க்க முயன்றார்கள். வயலில் இன்று யாரும் தேடாத பழைய ரகங்களை விதை வங்கியில் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

விதையோடு நோயும் பயணம் போகும். இந்திய நாட்டுப் பருத்தியைத் தாக்குவதாக முதலில் அறியப்பட்ட, இதே பூஞ்சையின் 'நான்காம் இனம்' எனப்படும் வகை 2001இல் கலிபோர்னியாவிலும், 2017இல் டெக்சாஸிலும் கண்டறியப்பட்டது. பிமா என்ற நீண்ட இழைப் பருத்திக்கு அங்கே பெரிய அடி. ஆகவே எந்த நாட்டில் எந்த இனம் இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். முதலில், இது வாடலா, வேரழுகலா? வாடிய செடியின் தண்டை நெடுக்குவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடினால் வாடல். இழுத்ததும் சுலபமாகப் பிடுங்கிக்கொண்டு வந்து, வேர்ப்பட்டை நார் நாராக உரிந்தால் வேரழுகல். ஊற்றிய மருந்து கேட்காததற்கு இந்தக் குழப்பமே காரணமாக இருக்கலாம்.

அப்புறம், டிராக்டர். ஆஸ்திரேலியாவில் வண்டியும் காலணியும் சுத்தமாக உள்ளே வர வேண்டும், சுத்தமாகவே வெளியே போக வேண்டும் என்பதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். வாடகை டிராக்டரின் கலப்பையில் ஒட்டிய மண்ணைக் கழுவாமல் வயலில் இறக்க விடாதீர்கள். நோய் கண்ட திட்டை கடைசியாக உழுங்கள். அங்கே பாய்ந்த தண்ணீர் மற்ற பாத்திகளுக்குப் போகாமல் பாருங்கள்.

அடுத்த விதைப்புக்கு முன் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து இடுங்கள். முழுதாகக் குணமாகாது, நோயின் வேகம் குறையும். அதற்கு முன் பாதி வாடிய செடி ஒன்றை வேர் மண்ணோடு எடுத்து, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வேரை அது துளைத்தால் வாடல் இன்னும் கடுமையாகும்.