பள்ளிக்கூடம் பார்க்கப் போனால் மாவ்ஷியையும் பாருங்கள்

தம்பி, மதுரையிலிருந்து மும்பை முலுண்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, இரண்டாம் வகுப்பு போகும் மகளுக்கு இந்தியும் தெரியாது மராத்தியும் தெரியாது, எந்தப் பள்ளியில் சேர்த்தால் தேறுவாள் என்று கேட்டிருந்தீர்கள். நான் இதே மும்பையில் செம்பூருக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. போர்டு, ஃபீஸ், ரிசல்ட் பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். நீங்கள் அங்கே இருக்கும் மாவ்ஷியை, அதாவது பள்ளி ஆயாவை, பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

எங்கள் பையனும் இரண்டாம் வகுப்பில்தான் இங்கே சேர்ந்தான். மூன்றாவது வாரமே டைரியில் 'கவனம் இல்லை' என்று எழுதி வந்தது. மத்தியானமானால் தலை வலிக்கிறது என்று பெஞ்சில் கவிழ்ந்துவிடுகிறானாம். ஐம்பது பிள்ளைகளை மேய்க்கிற டீச்சருக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? பயந்துகொண்டே போனேன். வகுப்பு வாசலில் மாவ்ஷி என்னை நிறுத்தி, அவனுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். காலையில் நான் ஊற்றியது கழுத்து வரை அப்படியே இருந்தது. பாத்ரூம் போகக் கேட்க வார்த்தை தெரியாமல், பிள்ளை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். சாப்பாட்டு நேரம் முடிந்து பெஞ்சு துடைக்க வருகிறவர் கண்ணில்தான் அது பட்டது. மறுநாளிலிருந்து தினமும் இரண்டு தடவை வாசலில் நின்று சுண்டுவிரலைக் காட்டி அவனைக் கூட்டிப்போனார். 'மாவ்ஷி, ஷூ லாக்லி' (ஒன்றுக்கு வருகிறது) என்பதுதான் அவன் பேசிய முதல் மராத்தி. தலைவலி போயிற்று. டைரியில் அந்தக் குறிப்பும் அப்புறம் வரவில்லை.

மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவோடு பிறந்தவள், நம் சித்தி முறை. வாட்ச்மேனைக் காகா என்பார்கள், சித்தப்பா. மகளுக்கு முதல் நாளே முறை சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொடுங்கள். 2020 சட்டப்படி இங்கே எந்த போர்டு பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். ட்யூஷன் வைத்தால் எழுத்து வரும். ஆனால் தப்பாகப் பேசினாலும் மார்க் குறையாது என்று தெரிந்தவர்களிடம்தான் குழந்தைக்கு வாய் திறக்கும்.

பள்ளி பார்க்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். மாவ்ஷி பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று கவனியுங்கள். ஒப்பந்தத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பெயர் எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைகளைப் பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போகிறார்கள், பஸ்ஸில் பெண் உதவியாளர் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெண் பிள்ளைகள் போகும் பஸ்ஸில் அவர் இருக்க வேண்டும் என்று மாநில விதியே இருக்கிறது.

இன்னொன்று, டி.சி. வேறு மாநிலத்து டி.சி.யில் அந்த ஊர்க் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்று இங்கே பல பள்ளிகளில் கேட்பார்கள். எங்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லி ஒரு ரயில் பயணத்தை மிச்சப்படுத்தியது ஆபீஸ் கிளார்க்தான். ஊரில் அப்பா அம்மா இருந்தால் இந்த வாரமே சொல்லி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.